ஏழாவது பூட்டு

ஏழு பேர் மாறி மாறி அதன் வயிற்றுக்குள் இறங்கினோம்.
ஏழு பூட்டு தொங்கின பிரதான சுவிட்சில்.
காலை ஆறரைக்கு, இன்னும் விடியாத குளிரில்,
ஆறைக் கழற்றியாயிற்று.

ஏழாவதின் அட்டையில் எவாரிஸ்தோ சோக்கே,
பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய முகத்தோடு,
மீசையில்லாமல் பார்க்கிறான்.
கீழே அச்செழுத்து:
‘நான் உள்ளே இருக்கிறேன். இயக்காதே.’

உள்ளே இல்லை அவன்.
நேற்று இரவு எட்டு மணிப் பேருந்தில்
கலாமாவுக்கு இறங்கிவிட்டான்.
ஏழு நாள் விடுப்பு.

பூம் சிலிண்டரின் ஹோஸ் வெடித்து
பாகாய் உறைந்து கிடந்த எண்ணெயை
மண்வாரியால் வழித்தெடுத்தவர்கள் நாங்கள்.
இரண்டு இரவு.
இப்போது எல்லாம் சரி. அழுத்தம் சரி, கசிவு இல்லை.
வெளியே ஆறு டம்பர் லாரிகள்
இலை போட்ட பந்திபோல வரிசையாக,
விளக்கெரிய, உறுமிக்கொண்டு.
ஒரு லாரிக்காரன் ஹாரனை விட்டுவிட்டு அழுத்துகிறான்.

‘வெட்டிவிடலாமா?’ என்றேன்.
பெர்னார்டா உர்சுவா படிவத்திலிருந்து தலை தூக்கவில்லை.
‘உள்ளே இல்லை என்று கையெழுத்துப் போடு.’
‘பேருந்தில் ஏறியதைப் பார்த்தேனே!’
‘பார்த்தாய். தேடினாயா?’

தேடினேன்.
டார்ச்சை வாயில் கவ்வி,
இரண்டு செயின்களுக்கு நடுவே மல்லாந்து நகர்ந்தேன்.
எடைக்கட்டைக்குப் பின்னால், பம்பு அறையில்,
ஒரு குடும்பமே பாய் விரித்துப் படுக்கலாம் போன்ற
பக்கெட்டுக்குள்ளும்.
முதலில் கூச்சம்.
காணாமல்போன பூனையைக் கூப்பிடுவதுபோல
சன்னமாய், ‘சோக்கே…’
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
மூச்சை வீணாக்கக் கூடாது என்பார்கள்.
பிறகு என்னமோ ஆயிற்று, கத்தினேன்.
இரும்பு அவன் பெயரை வாங்கிக்கொண்டு
கொஞ்ச நேரம் வைத்திருந்து
திருப்பிக் கொடுத்தது.

கடைசியாக, மேல்கட்டு சுழலும்
பெரிய பல்சக்கரத்தின் அடியில்
ஒரு கை மட்டும் நுழையும் பொந்து.
முந்தாநாள் அவன் நழுவவிட்ட ஸ்பானரை எடுக்க
தோள்வரை கையை விட்டுக்கொண்டு
கன்னத்தை இரும்பில் வைத்தபடி
வெகுநேரம் கிடந்தான்.
பக்கத்தில் நான்தான் விளக்குப் பிடித்தேன்.
ஒரு பல் நகர்ந்தால் போதும்.
அப்போது அதை நாங்கள் யாரும் நினைக்கவில்லை;
என்றைக்கு சம்பளம் ஏறும் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

வெளிச்சம் அடித்தேன்.
கிரீஸில் ஐந்து விரல் தடம்.
அவ்வளவுதான் இருந்தது.

கையெழுத்துப் போட்டேன்.
அதற்கும் பிறகு ஒரு விதி: அவனிடம் சொல்ல வேண்டும்.
நில்டாதான் போனை எடுத்தாள்.
‘தூங்குகிறார். சாவியா? எந்தச் சாவி?
இருங்கள், வாஷிங் மெஷினில் ஏதோ சத்தம்
காலையிலிருந்து…’
எனக்கும் கேட்டது.
டக். டக். டக்.
அவன் கால்சட்டையோடு சாவி
நுரைக்குள் உருண்டுகொண்டிருந்தது.
பெர்னார்டா கூடச் சிரித்தாள், பற்கள் தெரியாமல்.
‘எழுப்பு. அவன் வாயாலே சரி சொல்லட்டும்.’
தூக்கம் கலையாத குரலில் சொன்னான்.

என் இடுப்புயர வெட்டுக்கத்தியை இருவர் அழுத்த
நிலக்கடலை உடையும் சத்தத்தில்
பூட்டு விழுந்தது.
ஏழு மணி ஐம்பத்திரண்டு, எழுதிக்கொண்டாள்.
எக்ஸ்கவேட்டர் இருமி, புகைந்து, எழுந்து நின்றது.
முதல் பக்கெட் கல்லை
முதல் லாரி முனகாமல் வாங்கிக்கொண்டது.

எட்டாம் நாள் வந்தான்.
இரண்டு துண்டையும் அவன் கையில் வைத்தேன்.
‘எங்கெல்லாம் தேடினாய்?’
சொன்னேன், வரிசையாக.
கேட்டுக்கொண்டே துண்டுகளைப் பொருத்திப் பார்த்தான்.
‘பல்சக்கரத்துக்கு அடியில்?’
‘அங்கேயும்.’

ம், என்றான்.
புதுப் பூட்டுக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்றான்.
அட்டையில் அதே மீசையில்லாத முகத்தை ஒட்டி
சுவிட்சில் மாட்டி
ஒருமுறை இழுத்துப் பார்த்தான்,
இன்னொரு முறையும்.
சாவியை இந்தத் தடவை
கழுத்தில் போட்டுக்கொண்டான்.